முதலில் வைத்த கோரிக்கை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர, அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அந்த ஊர்க் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் போனில் கொட்டிவிடுகிறாய், எனக்குக் கடைசியில் "அப்பாவைக் கேட்டதா சொல்லும்மா" என்று ஒரு வரிதான் வந்து சேருகிறது. அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் நான் எதைச் சொன்னாலும் அவள் பக்கத்தில் நின்று திருத்துவாள், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா.

எங்கள் வேலைக் கதை உனக்குத் தெரியும், ஆனால் அதை நீ அவள் வாயால்தான் கேட்டிருப்பாய். நானும் அவளும் ஒரே தேர்வு எழுதி, ஒரே பட்டியலில் தேர்வாகி, இதே குடிநீர்த் துறைக்கு வந்தவர்கள். அவள் பில் பிரிவில் உடனே சேர்ந்துவிட்டாள். எனக்கு மீட்டர் பணிமனை, அதற்குக் கண் பரிசோதனைச் சான்று வேண்டும், துறை குறித்துக் கொடுத்த டாக்டரோ நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் திரும்பி வந்து என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்குள் அரசாங்கம் விதியை மாற்றிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவைத்து, போகும்போது மொத்தமாகக் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே உன் அம்மாவுக்கு உயிர் இருக்கும் வரை பென்ஷன், எனக்கு ஒரு காசோலையும் ஒரு கும்பிடும். இத்தனை வருஷமும் சீனியாரிட்டி பட்டியலில் அவள் எனக்கு மேலே, பதவி உயர்விலும் மேலே, வீட்டில் கேட்கவே வேண்டாம். காய்கறிக் கடையில் எல்லார் முன்னாலும் "எனக்குத்தான் பென்ஷன் இருக்கே, உங்களை நான் வச்சுக் காப்பாத்த மாட்டேனா" என்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள், அதுதான் இன்னும் குத்துகிறது. தள்ளாத வயதில் முடி வெட்டிக்கொள்ள அவளிடம் கை நீட்டி நிற்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

இது போதாதென்று இப்போது சங்கத்தின் சார்பாகச் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போவதும் அவள்தான். அந்த இடத்துக்கு நானும் போட்டியிட்டேன், எங்கள் பணிமனைக்காரர்களே எனக்குக் கை தூக்கவில்லை, "அக்கா பேசினாத்தான் எடுபடும்ணே" என்று என்னிடமே நியாயம் சொன்னார்கள். சரி போகட்டும் என்று இருந்தேன். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, யார் ஆரம்பித்ததோ தெரியாது, கோரிக்கைகளில் முதலாவதாக வைப்பது விட்டுக்கொடுப்பதற்காக. உட்கார்ந்த உடனே அதை விட்டுவிடுவோம், அதிகாரிகளும் முகம் மலர்வார்கள், அப்புறம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டோம். ஒரு தடவை சீருடைக்குத் துணி கேட்டதை அப்படி விட்டோம், இன்னொரு தடவை சைக்கிள் கொட்டகையை. இந்த வருஷம் அலுவலக வாசலில் நடந்த கூட்டத்தில் உன் அம்மா ஒலிபெருக்கி முன் நின்று வாசிக்கிறாள். முதல் கோரிக்கை, பழைய தேர்வில் தேர்வாகித் துறையின் தாமதத்தால் பிந்திச் சேர்ந்தவர்களுக்கும் பழைய பென்ஷன். அதாவது எனக்கும் என்னைப் போன்ற கொஞ்சம் பேருக்கும். இரண்டாவது, விதி மாறுவதற்கு முன்பே சேர்ந்த மூத்தவர்களுக்குச் சிறப்புச் சம்பள உயர்வு, நிலுவையோடு. அதாவது அவளுக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். கட்டின புருஷனை விட்டுக்கொடுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, தன் உயர்வைப் பத்திரமான இடத்தில் வைத்துக்கொண்டாள் என்று என் ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன், "சங்க விஷயத்த வீட்ல பேசறதில்ல" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய் நானே எடுத்துக்கொண்டேன். அதற்கும் அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, அது தனி எரிச்சல்.

பேச்சுவார்த்தை நாளில் நாங்கள் நிறைய பேர் தலைமை அலுவலகத்தின் மாடி வராந்தாவில் நின்றோம். கூட்ட அறைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே பேசுவது கேட்காது, எல்லாம் தெரியும். உன் அம்மா நிதி அதிகாரிக்கு நேர் எதிரே நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தாள், அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. அவர் தன் கையாலேயே தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். நான் கதவுக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடியே நின்றேன். நிதி அதிகாரி இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் அவளுடைய வீட்டுக்காரன் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும். குழாயில் தண்ணீரே வராமல் வெறும் காற்று வந்தாலும் மீட்டர் சுற்றும் என்று சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேனே, அன்றைக்கு என் முள் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே வந்த சங்கத் தலைவர் நேரே என்னிடம் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். உட்கார்ந்த உடனே அதிகாரி, "முதல் கோரிக்கைய வழக்கம்போல விட்டுடறீங்க, நேரா ரெண்டாவதுக்குப் போயிடலாமா" என்று கேட்டாராம். உன் அம்மா, "இல்ல சார், ரெண்டாவத விட்டுடறோம், முதலாவதப் பேசுவோம்" என்றாளாம். அவர்கள் இரண்டாவதை மறுப்பதற்குத்தான் மூட்டை மூட்டையாகக் காரணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலாவது எப்படியும் போய்விடுவது என்பதால் அதை மறுக்க ஒரு காரணமும் தயாரில்லை. தாமதம் துறையுடையதா இல்லையா, டாக்டர் விடுப்பில் போனாரா இல்லையா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள், அவர்கள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் கையெழுத்து போட்டுவிட்டார்கள். எனக்கும் பென்ஷன் உண்டு பாப்பா. மூத்தவர்களின் உயர்வு போய்விட்டது, உன் அம்மாவுடையதும் சேர்த்து. மூத்தவர்களிடம் முன்கூட்டியே ஒவ்வொருவராகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கி வைத்திருக்கிறாள், சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா உங்க மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும். கோரிக்கைய வாசிச்ச நாள்லேர்ந்து நீங்க அப்படிக் கொதிச்சுப் போய்த் திரிஞ்சதப் பாத்துத்தான் அந்த ஆளு அது நிஜமாவே விடற கோரிக்கைதான்னு நம்பினாரு" என்றாள். ஆக என் பொறாமையைக்கூட அவள்தான் உபயோகப்படுத்தியிருக்கிறாள். இப்போது வீட்டுக்கு ஆள் வந்தபடி இருக்கிறார்கள், என்னோடு பிந்திச் சேர்ந்த பம்ப் ஆபரேட்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பென்ஷன் எனக்கு, பேர் அவளுக்கு. கெட்டிக்காரி என்ற பட்டம் ஏற்கெனவே அவளிடம்தான் இருந்தது, இப்போது நல்லவள் என்ற பட்டத்தையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்திருக்கலாம்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அந்த நிலுவைப் பணம் வந்தால் உன் பிரசவத்துக்கு அங்கே வந்து உன்னோடு இருக்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாளாம், பெட்டி வாங்கக் கடைக்குப் போய் விலைகூட விசாரித்திருக்கிறாள். பில் பிரிவில் அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை விட்டுத்தான் எனக்குப் பென்ஷன் வாங்கியிருக்கிறாள். உன்னிடம் போனில் "லீவு கிடைக்காது போல இருக்கு கண்ணு" என்று சொல்லியிருப்பாள், நம்பாதே. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், பென்ஷன்காரன் என்று இனிமேல் எனக்கு யாரும் யோசிக்காமல் கடன் கொடுப்பார்கள். ஒரு டிக்கெட்டுக்குத்தான் வரும். அவளை அனுப்புகிறேன். பேரப்பிள்ளையை அவள்தான் முதலில் தூக்குவாள், முதலில் யார் ஜாடை என்று சொல்வதும் அவளாகத்தான் இருக்கும், அதை நினைத்தால் இப்போதே வயிறு எரிகிறது, எரியட்டும், பழகின வயிறுதானே.

படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், டாக்டர் சொன்னதை மாப்பிள்ளையும் கேட்கும்படி செய். எல்லாம் நல்லபடியாக நடக்கும், தாயும் பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். டிக்கெட் விஷயத்தை அவளிடம் மூச்சு விடாதே. ஒரு தடவையாவது அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் அம்மாவுக்கு ஜூனியர்,
அப்பா