கடலுக்கு முதுகு காட்டி எறிந்தவருக்கு

அன்புள்ள இஞ்சாருங்கோ,

வேறு எப்படித் தொடங்குவது? கட்டின புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. நீங்களோ என் பெயரை ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள்.

வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழுத்தும் விளையாட்டு. வெள்ளவத்தைக் கடலோர வெளியில் ஞாயிறு பின்னேரங்களில் கூட்டாளிகளோடு ஆடுவீர்கள். கனடாவிலிருந்து உங்கள் தங்கச்சி அனுப்பிய சிவப்புத் தட்டு தூரம் போவதற்கென்று செய்தது. ஆனால் நீங்கள் எறிந்தால் பாதி வழியிலேயே இடப்பக்கம் வெட்டித் திரும்பி விழும்.

"எப்பிடி எறிஞ்சாலும் கொட்டாஞ்சேனைப் பக்கம்தான் ஓடுது. எங்கட ரெஜினா மாதிரி, அம்மா வீட்டு நினைப்பு" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தத் தட்டுக்குப் பெயர் ரெஜினா. பிளேன்டீ ஊற்றிக்கொண்டே நானும் சிரித்தேன். "பாவிக்க ஏலாத சாமான்" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னபோது வீடியோ எடுத்ததும் நான்தான். களுபோவில ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதுகூட, பக்கத்துக் கட்டில்காரருக்கு என்னைக் காட்டி அதே கதையைச் சொன்னீர்கள்.

போன கிழமை மகள் கேட்டாள். "அங்கிள்மார் இன்னும் 'ரெஜினாவைத் தூக்கி எறி' எண்டு கத்திச் சிரிக்கினம். உங்களுக்கு ரோசமே இல்லையா அம்மா?"

ரோசம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு தனியே போனேன். கடலைப் பார்த்து நின்று, முகத்தில் அடித்த காற்றுக்குள் எறிந்தேன். முதலில் தோள்தான் பிடித்துக்கொண்டது. பிறகு ஒருமுறை அது நேராகப் போனது, புரளாமல், கடைசியில் மட்டும் கொஞ்சம் சாய்ந்து இறங்கியது.

அது எதிர்காற்றில் தூரம் போவதற்கென்று செய்த தட்டு, இஞ்சாருங்கோ. நீங்கள் எப்போதும் கடலுக்கு முதுகு காட்டித்தான் எறிந்தீர்கள். பின்காற்றில் மற்றத் தட்டுகள் தூரம் போகும், ஆட்கள் கைதட்டுவார்கள். இது விழுந்தால் பழி அதன் தலையில்.

வீட்டிலும் அப்படித்தானே? வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் கத்திக்கொண்டு வந்தால் கதவைத் திறக்க என்னை அனுப்புவீர்கள். அறைக்குள் ஒளிந்திருந்துவிட்டு, "அவளுக்கு வாய் கூட" என்று ஊருக்குச் சொல்வீர்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள்? எனக்கு உங்களில் சரியான கோபம். கேட்க நீங்களும் இல்லை.

கோயிலில் உங்கள் ஆண்டு நினைவுப் பூசை முடிந்ததும் உங்கள் ஞாபகமாக ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். அந்த வீடியோவையும் போடப் போகிறார்களாம். "நீங்களும் ரெண்டு வார்த்தை கதைக்கோணும், தங்கச்சி" என்றார் உங்கள் கூட்டாளி சேவியர். ஓம் என்றேன்.

ஆகவே வாக்குத் தருகிறேன். எல்லோரையும் கடலைப் பார்த்து நிற்க வைத்து, அந்தத் தட்டை நானே எறிவேன். அதற்குப் பிறகும் எவராவது சிரித்தால், கதவுக்குப் பின்னால் நின்ற உங்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்வேன். உங்களைப் பற்றிச் சொல்ல நல்லதும் இருக்கிறது. அதை ஒருவருக்கும் தர மாட்டேன்.

உங்கள் மனைவி,
ரெஜினா