அடுத்தது யாருங்க?

அன்பு மருமகளுக்கு, உன் அத்தை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும்.

"வந்து சேர்ந்துட்டேன்" என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். அதில் அத்தை என்ற சொல் இல்லை. கோபம் இருக்கும். இருக்கட்டும்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ துணி காயப்போடக் கட்டிய கொடியை அவிழ்க்கவில்லை. என் ஓரகத்தி வந்து, மகன் கண்ணை மூடி வருஷம் திரும்பவில்லை, அதற்குள் மருமகளையும் வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டாயே, ஒரு வாய் தண்ணி குடுக்க உனக்கு யாரு இருக்கா என்று கேட்டாள். குழாய் இருக்கு என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். விமானம் ஏறுமுன், ஏர்போர்ட்டுக்குள் நான் வேலை பார்க்கிற கடையிலேயே சாப்பிடுகிறேன் என்று நீதான் சொன்னாய். சோதனை முடிந்து உள்ளே வந்தபின் என்னைப் பார்க்க உனக்கு வேறு வழி இல்லை. அதற்காகவே நானும் ஷிப்ட் மாற்றி வாங்கினேன். நூடுல்ஸ் என்று பெரிய விலைக்கு விற்கிறோம், சேமியாவுக்கு அண்ணன், அவ்வளவுதான். உனக்குக் காரத்தைக் குறைத்து, முட்டை ஒன்று கூடப் போட்டேன். என்னம்மா, சொந்தக்காரங்களா என்று சூபர்வைசர் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

நீ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அவசரமாகச் சாப்பிட்டாய். ஷிப்ட் முடியும்வரை நாங்கள் கவுன்ட்டரைத் தாண்டக் கூடாது, உனக்கே தெரியும். உள்ளே நாலு அடுப்பு, ஆவி, வாயில் மாஸ்க், கையில் உறை. கண்ணைத் துடைக்க வேண்டுமானால் உறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் மறுபடி கை கழுவ வேண்டும், அதற்குள் வாணலியில் கருகிவிடும். ஊர் ஊராகப் பறக்கிறவர்களுக்குச் சமைக்கிறேன், எனக்குத் திரும்பி நிற்க இடம் இல்லை.

நீ தட்டைக் கொண்டுவந்து வைத்தாய். "ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை, நான் போகல" என்றாய். உன் பின்னால் ஆட்கள் நின்றார்கள். சூபர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். "அடுத்தது யாருங்க?" என்று வந்துவிட்டது.

நாள் முழுக்கச் சொல்கிற சொல். என் காதில் விழுந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. நீ ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாய். கூப்பிடுவதற்குள் ஒருத்தர் வந்து, இதில் கோழி உண்டா இல்லையா என்று கேட்டார். உண்டு என்றேன். நிமிர்ந்தபோது நீ இல்லை.

உன்னைத் தள்ளிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. வேறு சொல் வந்திருந்தால் "இரு" என்றுதான் வந்திருக்கும். நீயும் இருந்திருப்பாய். அவன் படத்துக்கு எதிரே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே கிழடாகியிருப்போம். எனக்குச் சரி. உனக்கு என்ன வயசு?

நேரத்துக்குச் சாப்பிடு. நல்ல கம்பளி வாங்கிக்கொள். மனசுக்குப் பிடித்தவர் யாராவது வந்தால் என்னை நினைத்துத் தயங்காதே.

நீ போன் செய்தால் எடுப்பேன். பேசுகிறபோது என்றைக்காவது அழுதுவிடுவேன். வந்துடும்மா என்று சொல்லியும் விடுவேன். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அன்றைக்கு மட்டும் நான் சொல்வதைக் கேட்காதே, கண்ணு.

எப்போதும் உன் நல்லதையே வேண்டிக்கொள்ளும்,
அத்தை