இசக்கியம்மாள் பக்கத்தில் போடாத ஸ்டூல்

இன்று காலை உறுதியான செய்தி இது: நீ கடைசியாக எழுதிய கடிதம் சென்னைத் தலைமை அலுவலகத்தின் பரிசீலனையில் இருக்கிறது. உன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய மனிதவள மேலாளர் தொலைபேசியில் சொன்னார். இசக்கியம்மாள் தமக்கு வந்த மின்னஞ்சலையும் காட்டினார். இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் வேலையை விட்டு நிறுத்துவோர் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. மாதக் கடைசியோடு வேலை முடிகிறது என்பதுதான் இந்த நிமிடம் வரை நிலவரம்.

இதை எழுதும்போது உன் பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல் எதிரே கிடக்கிறது. அலுவலகத்திலிருந்து உன் பொருள்களோடு வீட்டுக்கு வந்ததாம். இதை வைத்து நான் என்ன செய்ய என்று மதினி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு காலில் விரிசல், உட்கார்ந்தால் ஆடுகிறது. வெளியே சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. நானும் அப்படித்தான், எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன்.

டாக்டர்கள் கையால் எழுதும் நோயாளிக் குறிப்புகளைப் படித்துக் கணினியில் ஏற்றுவதுதான் உங்கள் மேலகரம் அலுவலகத்தின் வேலை. அங்கே உனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தாய். யாரை இடம் மாற்றினாலும், யாரை நிறுத்தினாலும், முதலில் இந்த ஸ்டூலை அவர் பக்கத்தில் போட்டு ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்து பார்ப்பாய். அது நியாயம் என்று நீ நினைத்தாய். அலுவலகம் வேறு மாதிரி நினைத்தது. "சார் ஸ்டூலத் தூக்கிட்டாவ, இன்னைக்கு யாரு சீட்டு கிழியப் போகுதோ" என்று வாட்ச்மேன் டீக்கடையில் சொன்னதை, புளியறை புரோட்டாக் கடையில் வைத்து உன்னிடம் நான்தான் சொன்னேன். முதலில் சிரித்தாய். பிறகு இலையில் இருந்ததைத் தொடவே இல்லை. "நான் போயி உக்காந்தாலே புள்ளையளுக்குக் கை நடுங்குதுன்னா, இது என்னலே பொழப்பு" என்றாய்.

அதன் பிறகுதான் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்தது. யார் எத்தனை தாள் முடித்தார் என்று அதுவே மதிப்பெண் போட்டது. குறைந்த மதிப்பெண்காரர்களின் பட்டியல் சென்னையிலிருந்து வந்தது. உன் வேலை கையெழுத்து மட்டும். "பாத்தியாலே?" என்று கேட்டேன். "அது ஒவ்வொரு நிமிசமும் பாத்துருக்கு. நான் வேற எதுக்குப் போயி பயங்காட்டணும்?" என்றாய். இரக்கப்பட்டுத்தான் ஸ்டூலை எடுக்காமல் விட்டாய். நானும் சரி என்று தலையாட்டினேன்.

பட்டியலில் இருந்த இசக்கியம்மாள் உன் அறைக்கு வந்ததைக் குற்றாலம் ரோட்டில் நனைந்துகொண்டே சொன்னாய். கேரள எல்லையில் இருக்கும் புளியறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். மகள் நர்சிங் படிக்கிறாள், வீட்டில் வேறு சம்பளம் இல்லை. அழுவார், சண்டை போடுவார் என்று நீ தயாராக இருந்தாய். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஒரு நாளு ஸ்டூலு போட்டு உக்காந்து பாத்துட்டு அனுப்புங்க. பாக்காமலே அனுப்புதியளே."

மறுநாள் போய் உட்கார்ந்தாய். அவர் தம் தாளில் நாலு வரி ஏற்றுவதற்குள் யாராவது ஒருவர் புரியாத தாளோடு வந்து நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கத்து டாக்டர்கள் ஓரத்தில் மலையாளத்தில் கிறுக்கியிருப்பதை அவர் படித்துச் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் இருக்கைக்குப் போய் ஏற்றினார்கள், மதிப்பெண் அவர்களுக்குப் போனது. மென்பொருளே படிக்க முடியாமல் திருப்பியனுப்பிய தாள்களும் கடைசியில் அவரிடம்தான் வந்தன. அவர் திருத்தித் திருத்தித்தான் அது படிக்கப் பழகியிருக்கிறது.

அன்றைக்கே சென்னைக்கு எழுதினாய்: "பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்." செய்தியாகப் போடட்டுமா என்று கேட்டேன். "இப்பம் போடாதலே. அவ பேரு வெளிய வந்தா சென்னைக்காரன் கோவத்துல முதல்ல அவளத்தான் அனுப்புவான். பதில் வரட்டும்" என்றாய். நாலாம் நாள் உனக்கு நெஞ்சு வலித்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது; அன்று இரவே போய்விட்டாய்.

நான் செய்தியாக எழுதியிருந்தால் அந்த வேலை தப்பியிருக்குமா, அன்றைக்கே போயிருக்குமா? எத்தனையோ வருடம் செய்தி சேகரித்தவன் நான். இந்த இரண்டில் எதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

புதிய மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகப் பேசினார். சென்னை அவரிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. "மார்க் ஒரு பக்கம் இருக்குதுங்க. இந்தப் பக்கம் அவரு கண்ணால பார்த்தது மட்டும்தானுங்க இருக்குது" என்றார். நீங்களும் பார்த்தால் இரண்டு பேராகிவிடும் என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். ஸ்டூலை ஸ்கூட்டரில் கட்டி, சாரலில் மேலகரம் போய் வந்துதான் மீதியை எழுதுகிறேன். கேட்டில் அதே வாட்ச்மேன். ஸ்டூலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, மறுபடியுமா? இப்பம் யாருக்கு?"

"இசக்கியம்மாளுக்கு."

பிறகு கயிற்றை அவரே அவிழ்த்து, துண்டால் ஈரத்தைத் துடைத்து, உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் இசக்கியம்மாளிடம் பேசினேன். ஸ்டூல் அவர் பக்கத்தில் இருக்கிறது. யாரும் உட்காரவில்லை. நாளைக் காலை ஷிப்டுக்கு வருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். காலில் விரிசல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "சொவரோட ஒட்டிப் போட்டுருக்கேன், ஆடாது" என்றார்.

எதை எழுதி அனுப்பும் முன்பும், அன்று உன்னிடம் நான் கேட்ட கேள்வி இப்போது உன் குரலில் எனக்குக் கேட்கிறது: பாத்தியாலே?

மேலாளர் உட்காருவாரா என்பது நாளை தெரியும். சென்னையின் பதில் மாதக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை மாலை வருமாம். அதுவரை இசக்கியம்மாள் வேலையில் இருக்கிறார்.