காதுள்ள வால்வு

நவ. 4, செவ்வாய்
மலைப் பக்கம் மேகம். தூறல் இல்லை. அப்பாவின் மைக் செட் ஆம்ப்ளிஃபையரில் எல்லாம் சரி, மைக் வால்வு மட்டும் அடியோடு போய்விட்டது. ஈ.எஃப்.86 என்ற கண்ணாடிக் குழாய். ராஜபாளையத்தில் எவனிடமும் இல்லை. "சைக்கிள் வால்வா சார்?" என்கிறான் ஒருவன்.

பாகம் பிரித்தபோது அண்ணனுக்குத் தெருப்பக்கத்து வீடும் கடையும். எனக்குப் பின்கட்டும் இந்தச் செட்டும். நடுவில் சுவர். அன்றிலிருந்து பேச்சில்லை. இதைப் பாடவைத்து அவன் காதில் விழச்செய்ய நினைத்தேன். அதற்குள் பக்கவாதம். மகளோடு கோவை போய்விட்டான். எனக்கு எதுதான் நேரத்துக்கு அமைந்தது.

நவ. 6, வியாழன்
ஸ்ரீவில்லிபுத்தூர். வெயில். பழைய ரேடியோக் கடை பாய் பிஸ்கட் டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தார்.

"இது கெடைச்சதே பெருசு. ஆனா காதுள்ள வால்வு சார். உள்ள கம்பி லேசா ஆடும். மேசையத் தட்டுனாலும் ஸ்பீக்கர்ல கேக்கும்."

"வேற?"

"வேற வேணும்னா நீங்கதான் செஞ்சுக்கிடணும்."

வாங்கிக்கொண்டேன். பால்கோவா வாங்கவில்லை. யாருக்கு.

நவ. 8, சனி
பொருத்தினேன். செட் நடுச்சுவர் அலமாரியில். முதலில் இரைச்சல். பிறகு டொக். டொக். மேசையை நான் தொடவில்லை. தெருவைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் பூட்டு. எலியாக இருக்கும்.

மாலை அண்ணன் மகள் ராணி போன். "அப்பாவுக்குப் பேச்சே வரல சித்தப்பா. கட்டில் சட்டத்தக் கையால தட்டிக்கிட்டே இருக்காவ. ஒங்களத்தான் தேடுதாவ. அண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போன காதுல வைக்கேன்."

பிறகு பார்க்கலாம் என்றேன். கடையை எழுதி வாங்கும்போது வாய் நன்றாகத்தானே இருந்தது.

நவ. 9, ஞாயிறு
மழை. காலையிலிருந்து அதே டொக், டொக். வால்வைச் சுற்றிப் பஞ்சு. பலனில்லை. செட்டை இறக்கித் தலையணை மேல் வைத்தேன். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

இப்போது ஸ்பீக்கரில் இல்லை. சுவரில்.

காதை வைத்துக் கேட்டேன். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"அண்ணே" என்றேன்.

நின்றுவிட்டது.

இதை எழுதும்போது ராணியின் அழைப்பு. அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கிறது. எடுக்கவில்லை.