குவாரிப் பாதை, ஒன்று முதல் மூன்று மணி வரை

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தப் பக்கம் போன் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம். தம்பிக்குப் பேனா பிடிக்க இன்னும் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்.

டீசல் விலையையும் வரியையும் எதிர்த்து நெடுஞ்சாலையை மறித்து இன்றோடு ஆறு நாள். இருநூறு லாரி வரிசையாக நிற்கிறது, என்னுடையது பதினேழாவது. வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறேன். உங்கள் வீட்டு மெத்தை கொடுத்த முதுகுவலி இங்கேதான் சரியானது என்று மாமாவிடம் சொல்.

நாங்கள் நோயாளிகளைச் சாகவிடுகிறோம் என்று டிவி விவாதத்தில் ஒருவர் பேசினாராம். கேட்டதும் வாத்தியார் கொதித்துப்போனார். வாத்தியார் என்றால் எங்களில் மூத்த டிரைவர். பேப்பர் கிடைத்தால் விளம்பரம்கூட விடாமல் எங்களுக்குச் சத்தமாக வாசிப்பார், அதனால் அந்தப் பெயர். "வரியை எதிர்த்துத்தான்டா ரோட்டுல உட்கார்ந்திருக்கோம். எவன் உசுரையும் எதிர்த்து இல்ல" என்றார்.

முதல் நாளே அவர் ஓர் ஏற்பாடு செய்துவிட்டார். பின்பக்கம் பழைய கல்குவாரிப் பாதை இருக்கிறது. குறுக்கே கல் உருட்டி வைத்திருக்கிறோம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கல்லை நகர்த்துவோம். டயாலிசிஸ்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் வண்டி எல்லாம் அதில்தான் போகிறார்கள். வெளியே தெரிந்தால் சரக்கு லாரிகளும் நுழைந்துவிடும், ஆகவே மூச்சு விடுவதில்லை. நீ டிவியைப் பார்த்துவிட்டுக் கலங்கிக்கொண்டிருப்பாய் என்றுதான் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இதைப் பால் வண்டிக்காரர் தபாலில் சேர்ப்பார். பதிலைச் சங்க அலுவலகத்துக்குப் போடு, அவரே கொண்டுவந்து தருவார்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மாமா, "மெத்தையை அவனுக்கே அனுப்பிடு, வண்டிக்கடியில போட்டுக்கட்டும்" என்கிறார்.

இங்கே அலுவலகத்தில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்து மேஜைக்காரி நேற்று, "லாரிக்காரங்களுக்கு என்னக்கா, வாடகையை ஏத்திடுவாங்க. கடைசியில தக்காளி வாங்குற நாமதான் அழணும்" என்றாள். "அப்ப நீயும் போய் அவங்க பக்கத்துல உட்கார வேண்டியதுதானே" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தம்பி அங்கே இருக்கிறான் என்று சொல்லவில்லை. சொல்லாதது உறுத்துகிறது.

வியாழக்கிழமை சட்டமன்றத்தில் விவாதம். உங்களோடு பேசுவதா, அடித்து விரட்டுவதா என்பதுதான் கேள்வி. அமைச்சர் வாசிக்கும் பதிலை எங்கள் பிரிவுதான் எழுதுகிறது. இருபது வருஷமாக யாருடையதென்றே தெரியாத குரலில் எழுதி வருகிறேன். இந்த முறை உங்களுக்காக ஒரு பத்தி சேர்த்தேன். மேலாளர் வழக்கம்போலப் பென்சிலால் சுழித்தார். "இடம், நேரம் இல்லாததை அமைச்சர் வாயில வைக்க முடியாதும்மா." கேட்டதைச் சேர்த்துக் கொடுத்தேன். விஷயம் தெரிந்தால் பெருமைப்படுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நிற்காதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று மதியம் ஒன்றரை மணி. குவாரிப் பாதையில் ஏழெட்டு வெள்ளை வேன்கள் வரிசையாக வந்தன. நோயாளி வண்டிகள் என்று நினைத்து வாத்தியாரே கல்லை நகர்த்திக் கொடுத்தார். "பார்த்துப் போங்க, பள்ளம் இருக்கு" என்று கையும் காட்டினார். உள்ளே இருந்தது முழுக்கப் போலீஸ். பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது வேன் அவர் மேல் ஏறிவிட்டது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டயாலிசிஸ் பொண்ணு போயிடுச்சா?"

நேரம் முதற்கொண்டு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினமும் போய் வருகிறவர் பால் வண்டிக்காரர் ஒருவர்தான். அவர் வண்டியை வளைத்துக் கண்ணாடியெல்லாம் நொறுக்கிவிட்டோம். நானும் ஒரு கல் எறிந்தேன். அதற்குச் சற்று முன்புதான் உன் கடிதத்தை என் கையில் கொடுத்திருந்தார். சட்டைப்பையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

தம்பி

மார்ச் 15

தம்பி,

பால் வண்டிக்காரர் இல்லை. நான்.

நான் எழுதிய வாக்கியத்தை அப்படியே தருகிறேன். "போராட்டக்காரர்களே குவாரிப் பாதையை நாள்தோறும் பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணி வரை நோயாளிகளுக்காகத் திறந்து வைக்கின்றனர்; இத்தகைய பொறுப்புள்ளவர்களுடன் பேச்சுவார்த்தை நடத்துவதே முறை." வியாழக்கிழமை நானும் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன்; அமைச்சர் முன்பாதியை மட்டும் வாசித்தார். நேரம் போதவில்லை போலும் என்று நினைத்தேன். அதிகாரிகள் வரிசையில் காவல்துறைக்காரர் ஒருவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். அதையும் பார்த்தேன். நல்லது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உனக்கு எப்படிச் சொல்லலாம் என்று பூரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டிவியில் வெள்ளை வேன்களைக் காட்டினார்கள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மாமா வந்து குழாயை மூடிய பிறகுதான் தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருப்பது தெரிந்தது.

யாருக்கும் சொல்லாதே என்று நீ எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் காகிதத்தில் வாக்கியமாக மாறியதும் எனக்கு அது பாதையாகத் தெரியவில்லை, சான்றாகத்தான் தெரிந்தது.

இந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசி. பால் வண்டிக்காரர் முன்னால் கட்டாயம் வாசி. என் வேலை போனால் போகட்டும்.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

வாசித்தேன். வாத்தியார் கட்டிலைச் சுற்றிப் பதினாறு பேர். பாதியில் நிறுத்திவிட்டேன். "முழுசா வாசிடா" என்றார்.

முடித்ததும் ஒருவன், "படிச்சவங்க உபகாரம் பண்ணா இப்படித்தான்" என்றான். வாத்தியார் அவனை அடக்கினார். "உங்கக்கா ஒரு வார்த்தை பொய் எழுதல. அத்தனையும் உண்மை. அதான்டா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பால் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "தள்ளி நில்லு, பால் திரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் வெற்றி என்று டிவியில் பேசுகிறார்களாம்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். கோபம் என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். நீ இங்கே வராதே, இப்போது வேண்டாம்.

தம்பி

மே 4

அன்புத் தம்பிக்கு,

வராதே என்று நீ எழுதிய பிறகு நான் போடும் நான்காவது கடிதம் இது. போனையும் நீ எடுப்பதில்லை. முந்தைய மூன்றும் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

என்னை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். எழுதும் வேலை இல்லை, அடுக்கும் வேலைதான். பக்கத்து மேஜைக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயோ, அக்கா!" என்றாள்.

வாத்தியாருக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்களா? வாடகை கிடைக்கிறதா? எந்தப் பக்கம் ஓட்டுகிறாய்? கூட யார் வருகிறார்கள்? வழியில் எங்கே சாப்பிடுகிறாய்? முன்பெல்லாம் நான் கேட்காமலே இதையெல்லாம் சொல்வாய். திட்டியாவது எழுது. மாமாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன்,
அக்கா

மே 19

அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா?

இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை.

தம்பி