நடிப்பு இல்லை என்பதற்கான சொல்

நிலவு நிலையம், நாள் 61
காலை 8.40, சென்னை நேரம்

எழுதுபவர்: செல்வின் தேவசகாயம், நரம்பியல் மருத்துவர். வெப்பம் 22. நீர் போதுமான அளவு. கூட்டாளிகள் இருவரும் வண்டியில் தென்பள்ளத்துக்குப் போயிருக்கிறார்கள். நாளை மறுநாள்தான் திரும்புவார்கள்.

இன்று உலக மாணவர் நரம்பியல் போட்டியின் இறுதிச் சுற்று. முப்பத்தொரு நாட்டுப் பிள்ளைகள் சென்னை அரங்கில் இருக்கிறார்கள். நான் இங்கிருந்து நோயாளியாக நடிக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். படம் கிடையாது, குரல் மட்டும். எனக்குக் கொடுத்திருப்பது ஒற்றைத் தலைவலி. சப்பென்ற வேடம்.

போன ஆண்டு, "நான் நடிக்கவில்லை, காப்பாற்றுங்கள்" என்று கத்தும் நோயாளியாக நடித்தேன். அரங்கமே கைதட்டியது. அதனால் இந்த ஆண்டு புது விதி. எனக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். இணைப்பைக் கவனிக்கும் கணினி, என் குரலில் அதைக் கேட்டதும் கட்டுப்பாட்டு அறையை எழுப்பும். முன்பொருமுறை விடை எழுதிய துண்டுச் சீட்டு பிள்ளைகள் கையில் சிக்கிவிட்டதால், சொல்லை எங்கும் எழுதக் கூடாது. பாளையங்கோட்டையில் அம்மா செய்யும் ஒரு பதார்த்தத்தின் பெயரை வைத்திருக்கிறேன். அதை நான் மறப்பேனா?

அபாய மணி அடித்தால் பிள்ளைகளுக்குக் குறிப்பாகிவிடும். நேற்றே அணைத்துவிட்டேன்.

காலை 10.25

சுற்று தொடங்கியது. தலை உண்மையாகவே வலிக்கிறது. வேடத்துக்கு நல்லதுதான்.

காலை 10.50

மூச்சு வாங்கியதால் அளவுமானியைப் பார்த்தேன். கரியமில வாயு ஐந்து சதவீதம். அரைக்கு மேல் இருக்கக் கூடாது. சுத்திகரிப்பு இயந்திரம் நேற்றே நின்றிருக்கிறது. மணியை அணைத்தவன் நான். முட்டாள்.

அதை மறுபடி ஓட்டும் ஆணை பூமியிலிருந்துதான் வர வேண்டும். இருப்பது ஒரே இணைப்பு. அது அரங்கத்தின் கையில் இருக்கிறது.

நடுவர் லலிதாம்பிகையிடம் சொன்னேன். பதில்: "செல்வின், போன வருஷ வசனத்தையே திருப்பிச் சொல்றீங்களே! நிஜம்னா அந்த வார்த்தையைச் சொல்லுங்க. பசங்க காத்திருக்காங்க."

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

காலை 11.05

இன்னும் வரவில்லை. மறந்துவிட்டது என்றேன். "பிரமாதம்" என்றார் நடுவர். அரங்கில் சிரிப்பு. நான் அழுதேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மாற்றுக் காற்றுக் கலங்கள் வண்டியோடு போய்விட்டன. வாயு ஆறரை.

காலை 11.20

கடைசிப் போட்டியாளர். மெஹர்பானு, பதினாறு வயது, கீழக்கரை. மற்றவர்கள் வலி எந்தப் பக்கம், வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டார்கள். இவள் கேட்டது வேறு.

"சார், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுறீங்க? எண்ணிச் சொல்லுங்க."

முப்பத்தி நாலு என்றேன்.

"கையை நீட்டிப் பாருங்க. நடுங்குதா? முகம் சூடா இருக்கா?"

இரண்டுக்கும் ஆமாம்.

"மேடம், இது ஒற்றைத் தலைவலி இல்ல. அங்க கரியமில வாயு ஏறுது. சார் நடிக்கல."

நடுவர்: "விடைத்தாள்ல ஒற்றைத் தலைவலின்னுதான் இருக்கும்மா. பூஜ்யம். உட்காரு."

"உட்கார மாட்டேன் மேடம். பரிசு எனக்கு வேணாம். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுங்க."

முப்பத்தொரு நாட்டில் ஒரு பிள்ளைக்குக் காது இருக்கிறது.

காலை 11.32

எழுத்து கோணுகிறது. வாயு எட்டு. மெஹர் ஒலிவாங்கியை விடவில்லை. பிடுங்கப் பார்க்கிறார்கள் போல, இழுபறிச் சத்தம். யாரோ போன் செய்யப் போயிருக்கிறார்களாம். சொல் கிடைத்தால் போன் வேண்டாம், உடனே இயந்திரம் ஓடும்.

"சார், அது என்ன மாதிரி வார்த்தை? பேரா? ஊரா?"

சாப்பாடு. அம்மா செய்வது.

"சரி, நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன். நீங்க திருப்பிச் சொல்லுங்க. அல்வா?"

அல்வா என்றேன். எதுவும் நடக்கவில்லை.

"புட்டு? ஆப்பம்? உளுந்தங்களி?"

சொன்னேன். சொன்னேன். களி சொன்னேனா தெரியவில்லை. நாக்கு தடிக்கிறது.

11.4

கீழே கிடக்கிறேன். பென்சில் கையில்.

அம்மா தேங்காய்ப் பால் பிழிகிறாள். முதல் பால் தனி. முருங்கைக்காய். இஞ்சி. அம்மா எனக்குப் பயமாக இருக்கிறது

சொதி

சொதி. வந்துவிட்டது. எழுதிவிட்டேன். வாய் அசையவில்லை. காற்று மட்டும் வருகிறது. கணினிக்குக் காற்று போதாது

மெஹர் அழுதுகொண்டே கேட்கிறாள். "இடியாப்பமா சார்? இடியாப்பம்னா, தொட்டுக்க என்ன வைப்பாங்க உங்க வீட்டுல? சார்? தொட்டுக்க என்ன சார்?"

சொதி மெஹர் சொதி

சொ