உங்கள் இடது கன்னம்

என் ஆசை மாமா,

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. கடலைக்காய் பிடுங்கியாயிற்று, விளைச்சல் பரவாயில்லை. நம் தேவி பள்ளிக்கூடம் போகிறாள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் இன்னும் உங்களைத்தான் கேட்கிறார்கள். "நெஞ்சு நின்னு பொழைச்ச மனுசனாச்சே, அவரு காமாலைக்கா போவாரு?" நான் என்ன சொல்லட்டும்?

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினைச் சுற்றி முடுக்கும்போது கைப்பிடி எகிறி உங்கள் இடது கன்னத்தில் அடித்தது. எலும்பு உள்ளே போய்விட்டது. வாயைத் திறக்கக்கூட முடியாமல் இருந்த உங்களைக் கோயமுத்தூர் கொண்டுபோனேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். "எலும்பைத் தூக்கினப்போ நெஞ்சுத் துடிப்பு நின்னுபோச்சும்மா. கையை எடுத்ததும் திரும்பி வந்துருச்சு. அப்புறம் ஒரு ஊசி போட்டுட்டு மறுபடி தூக்கினோம், ஒண்ணும் ஆகலை. இது முகத்து நரம்பு பண்ற வேலை. இருதயம் நல்லாத்தான் இருக்கு."

நின்றுபோனது என்ற ஒரு சொல்தான் என் மனதில் தங்கியது. நீங்களோ வார்டில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, கன்னத்தைத் தொட்டால் உயிர் போய்விடும் என்று முடிவு கட்டிக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பக்கம் உங்கள் கை போகவே இல்லை. அங்கே மட்டும் தண்ணீர் படாமல் முகம் கழுவினீர்கள், ஒருக்களித்தே தூங்கினீர்கள். தாடி ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தது. சவரக்காரர் கும்பிட்டுவிட்டார். "வேண்டாமுங்க, எங்கையில ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நான் என்னத்தச் சொல்றதுங்க?"

தேவி அப்போது தத்தித் தத்தி நடப்பாள். உங்கள் மடியில் ஏறி முகத்தைப் பிடிக்க வருவாள். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "புள்ளையத் தூக்கிக்க சரசு" என்பீர்கள். அவள் அழுவாள். நான் உள்ளே போன பிறகு நீங்களும் அழுதீர்களா மாமா?

மறுபடியும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நெஞ்சுத் துடிப்பு கேட்கும் குழாயை உங்கள் காதிலேயே மாட்டி, அந்தக் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"நின்னுச்சா?"

"இல்லீங்க."

"எலும்பைப் புடிச்சுத் தூக்கினப்போ வந்தது. அதோட சரி."

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழையபடிதான். புத்திக்குப் புரிந்தது உங்கள் கைக்குப் புரியவில்லை.

அதனால்தான் ஒரு நாள் நானே சவரக்கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் உங்கள் முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பயமா இருக்குது சரசு."

"எனக்குந்தானுங்க."

நீங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் சோப்புப் போட்டு வழிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்டேன்.

"ஓடுதுங்களா?"

"ஓடுது."

"இப்ப?"

"ஓடுது, நீ பேசாம வழி."

பாதியில் நாடியை விட்டுவிட்டீர்கள்.

"ஏனுங்க, கையை எடுத்துட்டீங்க?"

"உன்ற கைதான் ரொம்ப நடுங்குது. அதப் புடிச்சுக்கறேன்."

முடிந்ததும் தேவியை நீங்களே கூப்பிட்டீர்கள். அவள் இரண்டு உள்ளங்கையாலும் உங்கள் கன்னத்தை அமுக்கி, தாடி எங்கே என்று தேடினாள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். பிறகு அவளை இழுத்து அந்தக் கன்னத்தோடு வைத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் உழுதீர்கள், பொள்ளாச்சி போய் வந்தீர்கள், என்னோடு சண்டை போட்டீர்கள். எல்லோரும் பயந்த நெஞ்சு உங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. போன வருஷத்து மழையில் வந்த காமாலைதான் கொண்டுபோயிற்று. கடைசியில் சோறு கேட்கவில்லை, "மூஞ்சியத் தொடச்சு உடு" என்று மட்டும் கேட்டீர்கள். ஈரத்துணியால் துடைத்தேன். இடது கன்னத்தை என் உள்ளங்கையில் வைத்தபடியே தூங்கிப்போனீர்கள்.

நேற்று தேவி, "அப்பா மூஞ்சி எப்படியம்மா இருக்கும்?" என்று கேட்டாள். நம்மிடம் இருப்பது கல்யாண போட்டோ மட்டும்தான், அடிபடுவதற்கு முந்தைய முகம். அவள் விரலை எடுத்து அவள் கண்ணுக்குக் கீழே வைத்துக் காட்டினேன்.

"அடிபட்டதுல இங்க ஒரு குழி இருந்துச்சு கண்ணு."

"தொட்டா வலிக்குமா?"

"மொதல்ல பயந்தாரு. அப்புறம் உன்னையே தொடச் சொன்னாரு."

கொஞ்ச நேரம் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். உங்களைத் தொட்டது அவள் நினைவில் இருக்கிறதோ என்னவோ தெரியவில்லை. இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன், மாமா.

உங்கள் மாமன் மகள், உங்கள் ஊட்டுக்காரி,
சரசு